வேலூருக்குப் போகாதவள்

எழுபதுகளில் ஆரணியிலிருந்து வெளிநாடு போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர்கூடத் திட்டம் போட்டுப் போகவில்லை. கொசப்பாளையத்து ரங்கசாமி அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பம்பாய்க்கு ரயில் ஏறினார். சமையல் தெரிந்திருந்ததால் கப்பலில் வேலை கிடைத்தது. கப்பல் மஸ்கட்டில் பழுதாகி நின்றபோது இறங்கியவர் அங்கேயே தங்கிவிட்டார். இன்னொருவர் பல் வலிக்காக மெட்ராஸ் போனார், பல் டாக்டரின் மைத்துனரோடு சிநேகமாகி மலேசியாவின் ஈப்போவில் போய் நின்றார். ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்தே ஆசைப்பட்டு, அதற்கென்றே படித்து, பாஸ்போர்ட்டும் எடுத்து வைத்திருந்தவள் ஊரில் ஒருத்திதான். அவள் போகவில்லை. அவள் பெயர் தனகோடி.

பட்டு நெசவாளி கந்தசாமியின் ஒரே மகள் அவள். எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அந்த ஆபீசில் அவள் ஒருத்திதான் பெண். மத்தியானம் சாப்பிட்ட பிறகு, பழைய புத்தகக் கடையில் வாங்கிய அட்லஸைப் பிரித்து வைத்துக்கொள்வாள். நைரோபியில் டைப்பிஸ்ட் தேவை என்று ஆங்கிலப் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. அதை வெட்டி வைத்துக்கொண்டு டைப்ரைட்டிங் கற்றாள், சுருக்கெழுத்து கற்றாள். எழுபத்து மூன்றில் மெட்ராசுக்கு நாலு தடவை அலைந்து பாஸ்போர்ட் வாங்கினாள். "எந்த ஊருக்கும்மா போற?" என்று ஆபீசில் கேட்டால், "எங்க கூப்பிட்டாலும் போவேன்" என்பாள். யாரும் கூப்பிடவில்லை.

மறு வருஷம் அவளுடைய அத்தை அபிதகுசாம்பாளுக்குப் பித்தப்பையில் கல் என்று வேலூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அத்தைக்குப் பிள்ளை இல்லை, புருஷனும் இல்லை. பெண் துணை ஒன்று கட்டாயம் வேண்டும். கந்தசாமி மகளிடம் சொன்னார்.

"பத்து நாள் லீவு போடும்மா. நீதான் கூட இருக்கணும்."

"அந்த வாரந்தான்ப்பா டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை. இத்த வுட்டா இன்னும் ஆறு மாசம் ஆவும்."

"அப்ப அத்தைக்கு?"

தனகோடி தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனாள். அங்கே முனியம்மாளும் அவள் மகள் லீலாவும் இருந்தார்கள். லீலா தனகோடியைவிட ஒரு வயது சிறியவள். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் இரண்டு முறை தவறிவிட்டு, அம்மாவோடு உட்கார்ந்து ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். வாய் ஓயாது. கடைக்காரர், கண்டக்டர், வழிப்போக்கர், யாரோடும் பேசுவாள்.

"பத்து நாள்தானேக்கா? போறேன். வேலூர்க் கோட்டைய நான் பாத்ததே இல்ல" என்றாள் லீலா.

அத்தைக்குச் சர்க்கரை இருந்தது. காயம் ஆறச் சுணங்கியது. பத்து நாள் நாற்பது நாளாயிற்று. பக்கத்துக் கட்டிலில் ராஜம்மா என்று ஓர் அம்மாள் படுத்திருந்தார். மொரீசியஸ் தீவிலிருந்து யாத்திரைக் கூட்டத்தோடு கோயில்களைப் பார்க்க வந்தவர். திருவண்ணாமலையில் வயிற்று வலி வந்து சுருண்டு விழுந்தார். கூட வந்தவர்கள் ஒரு வாரம் இருந்துவிட்டு, விமான நாள் வந்ததும் அழுதுகொண்டே கிளம்பிவிட்டார்கள். ராஜம்மாவுக்குத் தெரிந்த தமிழ் முப்பது நாற்பது வார்த்தை, அதில் பாதி சாமி பேர். மற்றதெல்லாம் பிரெஞ்சு மாதிரி ஒரு பாஷை. நர்சுகள் இங்கிலீஷில் கேட்டார்கள், அவர் திணறினார். லீலா அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தமிழிலேயே, கையை ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் அவருக்கு என்ன வேண்டும் என்று லீலாதான் நர்சுகளுக்குச் சொன்னாள். அத்தைக்குக் கஞ்சி ஆற்றும்போது இன்னொரு டம்ளரிலும் ஆற்றினாள். இரண்டு பேர் தலையையும் வாரிவிட்டாள்.

ராஜம்மாவின் தாத்தா கப்பலேறிய சீட்டில் சொந்த ஊர் 'தெள்ளார்' என்று இருந்ததாம். உடம்பு தேறியதும் லீலா அவரை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு தெள்ளாருக்குப் போனாள். அங்கே தாத்தாவின் பேரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியவில்லை. எண்பது வருஷத்துக் கதை அது. ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். ராஜம்மா அந்த வீட்டு வாசலில் நின்று அரை மணி நேரம் அழுதார். திரும்பும் பஸ்ஸில் லீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வா. என் வீடு. எனக்குத் துணை. ரெண்டு வருஷம்" என்றார்.

தனகோடி பரீட்சையில் பாஸ் செய்திருந்தாள். முதல் வகுப்பு. அந்தச் சேதியை அத்தையிடம் சொல்லிவிட்டு வீடு திரும்பிய அன்று லீலா ஓடி வந்தாள்.

"அக்கா, மொரீசியஸ் எங்க கீது? அந்தம்மா என்னைக் கூப்பிடறாங்க. அம்மா சரின்னுட்டாங்க. பாஸ்போர்ட்டுன்னு ஒண்ணு வோணுமாமே, நீங்கதான் எழுதிக் குடுக்கணும்."

தனகோடி அட்லஸை எடுத்தாள். இந்து மகாசமுத்திரத்தின் நடுவில், அச்சுப்பிழை போல இருந்த ஒரு புள்ளியைக் காட்டினாள். அதன் தலைநகரம், அங்கே விளையும் கரும்பு, பேசும் பாஷை எல்லாம் அவளுக்கு மனப்பாடம். லீலா அந்தப் புள்ளிமேல் விரலை வைத்து, "அய்யே, இத்தினூண்டா!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தன்னால் மன்னிக்கவே முடியவில்லை என்று தனகோடி பிற்பாடு சொன்னாள்.

விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். எழுதி முடித்து மையை ஒற்றி எடுத்தபோது மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்: அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் நான். அது என் அத்தை. அது என் பத்து நாள். கணக்கில் இருபத்திரண்டு மார்க் வாங்கியவள் விமானத்தில் போகிறாள். போக வேண்டிய நான் சங்கத்து ஆபீசில் சேலைக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

எழுபத்தைந்து ஆவணியில் லீலா போனாள். மாதம் ஒரு கடிதம் வர ஆரம்பித்தது. மடித்து ஒட்டிய நீலக் கடிதம். முனியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர் கொடுத்ததும் பிரிக்காமல் மாராப்புக்குள் வைத்துக்கொண்டு, தனகோடி ஆபீசிலிருந்து வரும்வரை காத்திருப்பாள்.

"ஜல்தியா படி கண்ணு. காலைலேருந்து வெச்சிகினு இருக்கறேன்."

தனகோடி படித்தாள். முதல் கடிதத்தில் லீலா, 'சமையல் ரூமு சின்னதும்மா. ஆனா ஜன்னலைத் திறந்தா கடல் தெரியுது. பால் காயறவரைக்கும் அதையே பாத்துகினு இருப்பேன்' என்று எழுதியிருந்தாள். தனகோடி, 'சமையல் ரூமு சின்னதும்மா' என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். அவள் யோசித்துச் செய்யவில்லை. அந்த வரி வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் யோசித்துச் செய்தாள். லீலா புதுப் புடவை வாங்கிக்கொண்டதை விட்டுவிட்டாள். மழையில் சளி பிடித்ததை இரண்டு தடவை படித்தாள். முனியம்மாள், "ஐயோ, எம்பொண்ணு அங்க இன்னா கஸ்டப்படறாளோ" என்று மூக்கைச் சிந்தினால், தனகோடிக்கு ஏதோ ஆறுதலாக இருக்கும். வீட்டுக்குப் போனதும் அந்த ஆறுதலே கசக்கும். முனியம்மாள் வீடு மழைக்கு ஒழுகும் என்பதால் கடிதங்களெல்லாம் தனகோடியின் பீரோவில்தான் இருந்தன. தனியாக இருக்கும்போது அவற்றை எடுத்து, விட்டுவிட்ட வரிகளை மட்டும் படிப்பாள்.

எழுபத்தேழில், ராஜம்மாவின் அக்காள் மகனைக் கட்டிக்கொள்ளலாமா என்று லீலா கேட்டு எழுதினாள். அவர் அங்கே பஸ் ஓட்டுகிறவர். அந்தக் கடிதத்தில் தனகோடி கை வைக்கவில்லை. முனியம்மாள் சொன்ன ஆசீர்வாதத்தை ஒரு சொல்லும் குறையாமல் எழுதி அனுப்பினாள். அடுத்த வருஷம் அவளுக்கும் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை பரசுராமன், மின்சார ஆபீசில் லைன்மேன். அடுத்த தெருதான். கல்யாணத்துக்கு வந்தவர்கள், "உள்ளூர்லயே அமைஞ்சிடுச்சு, நல்லதாப் போச்சு" என்றார்கள். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல அவளுக்கு எங்கேயோ குத்தியது. பரசுராமன் நல்ல மனுஷர். அதிகம் பேசமாட்டார், பேசினால் நேராகப் பேசுவார்.

எண்பது ஆனியில் வந்த கடிதம் நீளமானது. தனகோடி வழக்கம்போல முதலில் மனசுக்குள் ஓடவிட்டாள்.

'அம்மா, எனக்கு ஐப்பசில பிரசவம். ராஜம்மா அத்தை படுத்த படுக்கையா இருக்காங்க. இங்க எனக்குன்னு ஒரு பொம்பள இல்ல. நீ வா. அவரு டிக்கெட்டு அனுப்பறேன்னு சொல்றாரு. ஒண்டியா வர பயந்தா தனகோடி அக்காவக் கூட்டிகினு வா. அவங்களுக்கும் சேத்து டிக்கெட்டு அனுப்பறாரு. அக்கா, நீங்களும் வாங்க. இங்கிலீஷ் தெரிஞ்சவங்க, அம்மாவ பத்திரமா கொண்டாந்து சேப்பீங்க. ரெண்டு மாசம் இருந்து எல்லாத்தையும் பாத்துட்டுப் போவலாம்.'

நைரோபி கூப்பிடவில்லை. வேறு எந்த ஊரும் கூப்பிடவில்லை. கணக்கில் தவறிய லீலா கூப்பிட்டிருந்தாள். அதுவும் ஒரு கிழவியின் துணையாக, பை தூக்க.

முனியம்மாள் எதிரில் கால் நீட்டி உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'அம்மா, எனக்கு ஐப்பசில பிரசவம்' என்று படித்தாள் தனகோடி. முனியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். 'உடம்பைப் பாத்துகினு இருக்கறேன். நீ கவலைப்படாத' என்று அவளாகவே சேர்த்து, கடிதத்தை மடித்தாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் பெரிம்மா."

பதிலும் அவள்தான் எழுதினாள். 'கடல் தாண்டி வர எனக்குப் பயமாக இருக்கிறது. உடம்பும் முன்போல இல்லை. குழந்தை பிறந்ததும் நீயே கூட்டிக்கொண்டு வா' என்று முனியம்மாள் சொல்வதுபோல எழுதி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். அதற்கு லீலாவிடமிருந்து நாலே வரியில் பதில் வந்தது. 'நீ இப்படிச் சொல்லுவேன்னு நான் நினைக்கலம்மா' என்ற வரியைத் தனகோடி படிக்கவில்லை.

ஐப்பசியில் பெண் குழந்தை. அந்தச் சேதியை அப்படியே படித்தாள். முனியம்மாள் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். கடைசியாகத் தனகோடி வீட்டுக்கு வந்து அவள் கையில் ஒரு பிடி போட்டவள், அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு கேள்வி கேக்கறேன் தனகோடி. நீ படிச்சவ, சொல்லு. தலப்பிரசவத்துக்குப் பெத்தவள ஒரு வார்த்த கூப்பிடக்கூடாதா? வான்னு எழுதியிருந்தா நான் போயிருக்கப் போறனா இல்லியோ, அது வேற. கூப்பிடணும்னே அவளுக்குத் தோணலியே."

தனகோடி சர்க்கரையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அன்று அவளால் சாப்பிட முடியவில்லை. ஆனால் சொல்லவும் இல்லை. சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், லீலா பெரிய மனசோடு மன்னித்து எழுதப்போகும் கடிதம் கண்முன் வந்தது. அதையும் தானே படித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

தை பிறப்பதற்கு முந்தின நாள், போகிக்காகப் பரசுராமன் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தார். பழைய காகிதங்களைப் பிரித்துப் பார்த்துத்தான் எரிப்பார். நீலக் கடிதம் ஒன்றை எடுத்துப் படித்தார். பிறகு கூப்பிட்டார்.

"இன்னா இது? 'அக்கா, நீங்களும் வாங்க'ன்னு கீது. எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே."

"எனக்கு இஸ்டமில்ல. அதான் சொல்லல."

"சரி. உனக்கு இஸ்டமில்ல. அந்தம்மாவுக்கு?"

அவள் கடிதத்தை வாங்கக் கை நீட்டினாள்.

"நீ இத்தப் படிச்சிக் காட்டலியா?"

"இல்ல."

"இன்னாத்துக்கு?"

ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "அது என் எடங்க. வேலூர்ல அந்த எடம் என்னுது. நான் வுட்டுக் குடுத்ததுல அவ போயி ஒக்காந்துகினா. இப்ப என்னை வேலக்காரியாட்டம் கூப்பிடறா, எங்கம்மாவக் கொண்டாந்து வுடுன்னு."

பரசுராமன் கடிதத்தை மடித்தார். "அவ போனப்ப இன்னாவா போனா? ராணியாவா? ராஜம்மாவுக்கு ஒத்தாசையாத்தானே போனா?"

அவர் கடிதத்தை அவள் கையில் கொடுத்தார்.

"நீ போயி சொல்றியா, நான் போயி சொல்லட்டா?"

அவளே போனாள். முனியம்மாள் வாசலில் பழைய பாயை எரித்துக்கொண்டிருந்தாள். தனகோடி உள்ளே கூப்பிட்டு, உட்காரவைத்து, கடிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாள். முன்பு படிக்காமல் விட்டது இது என்றும் சொன்னாள்.

முனியம்மாள் திட்டவில்லை. "இன்னொரு தபா படி" என்றாள். படித்தாள். "வான்னு எழுதியிருக்காளே, அத்த மட்டும் படி." படித்தாள். இன்னொரு முறையும் அதையே படிக்கச் சொன்னாள்.

"நாலு மாசமா எம்பொண்ணத் திட்டிகினு இருந்தேன்" என்றாள் கடைசியில். "கோயில்ல நின்னுகூடத் திட்டினேன்."

"பெரிம்மா..."

"அழாத. அழுதா எனக்குக் கோவம் வரும். பேப்பர எடு. அம்மா வரான்னு எழுது."

தனகோடி எழுதினாள். "நானும் கூட வந்து உங்கள வுட்டுட்டு வரட்டுமா பெரிம்மா?" என்று கேட்டாள். கேட்டபோது அதில் பிராயச்சித்தம் எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று அவளுக்கே தெரியவில்லை.

"நீ வேணாம்" என்றாள் முனியம்மாள். "நான் ஒண்டியாவே போறேன்."

ஒண்டியாகவேதான் போனாள், எண்பத்தொன்று வைகாசியில். ஐம்பத்தாறு வயது. பஸ்ஸில் திருவண்ணாமலையைத் தாண்டாதவள். பாஸ்போர்ட்டில் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. தனகோடி ஓர் அட்டையில், இவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், பம்பாயில் விமானம் மாறி மொரீசியஸ் போகிறார், தயவுசெய்து உதவுங்கள் என்று கொட்டை எழுத்தில் இங்கிலீஷில் எழுதி, நூல் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டாள். மீனம்பாக்கத்தில் போலீஸ்காரர் ஒருவர் அட்டையைப் படித்துவிட்டு, முனியம்மாளின் பையை வாங்கிக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார். முனியம்மாள் அவரோடு ஏதோ பேசிக்கொண்டே போனாள். கதவு வரைக்கும் அவள் கை ஆடிக்கொண்டே இருந்தது. லீலாவின் வாய் எங்கிருந்து வந்தது என்று தனகோடிக்கு அப்போதுதான் புரிந்தது.

கதவுக்கு வெளியே டிக்கெட் இல்லாதவர்களோடு நின்றாள். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிமேல் பொறாமைப்படுவோம் என்று அவள் நினைத்ததில்லை. பட்டாள். ஆரணி பஸ்ஸில் திரும்பி வரும் வழி முழுக்கப் பட்டுக்கொண்டே வந்தாள்.

முனியம்மாள் ஆறு மாதத்தில் வருவதாகத்தான் போனாள். வரவில்லை. அங்கே முருகன் கோயிலில் பூக் கட்ட உட்கார்ந்து, 'ஆரணி அம்மா' என்று பேர் வாங்கிவிட்டாளாம். முனியம்மாள் வீடு பூட்டிக் கிடந்தது. படித்துக்காட்ட ஆள் இல்லாததால் கடிதமும் இல்லை. சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தால் தனகோடிக்கு என்ன செய்வதென்று தெரியாது.

எண்பத்தாறில் வீட்டை விற்க லீலா வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். ஐந்து வயது மகள் பிரெஞ்சும் தமிழும் கலந்து பேசிக்கொண்டு தெருவில் ஓடினாள். பத்திரம் பதிந்து முடிந்த மத்தியானம் லீலா தனகோடியின் வீட்டுக்கு வந்து, காபி டம்ளரை வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"அம்மா வந்து எறங்கின அன்னைக்கே சொல்லிட்டாங்கக்கா. நீங்க மறைச்சதையும் சொன்னாங்க, நீங்களே வந்து படிச்சதையும் சொன்னாங்க."

"உனக்குக் கோவம் வரலியா?"

"வந்துச்சு. ஒரு மாசம் உங்க பேரையே எடுக்கல."

"அப்பால?"

"அப்பாலயும் கோவந்தான். இப்பவும் கொஞ்சம் கீது." லீலா காபியைக் குடித்தாள். "வலி எடுத்தப்ப பக்கத்துல இருந்தது அவரு ஒருத்தருதான். பஸ் ஓட்டறவருக்குப் பிரசவத்தப் பத்தி இன்னா தெரியும்? அந்தக் கதவையே பாத்துகினு இருந்தேன். அத்த என்னால மறக்க முடியலக்கா."

தனகோடி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, இத்தனை வருஷமாக உள்ளே கிடந்ததைக் கேட்டுவிட்டாள். "அன்னைக்கு வேலூருக்கு நான் வந்திருந்தா, நான்தானே போயிருப்பேன் லீலா?"

லீலா யோசித்தாள். குத்திக் காட்டுகிற குணம் அவளுக்குக் கிடையாது. நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னாள்.

"நீங்க வந்திருந்தா அத்தைய என்னைவிட நல்லா பாத்திருப்பீங்க. புஸ்தகத்த எடுத்தாந்து வராண்டாவுல ஒக்காந்து பரீட்சைக்குப் படிச்சிருப்பீங்க. அத்தைக்கு ஒடம்பு சரியானதும் பஸ் ஏறியிருப்பீங்க."

அது உண்மை என்று கேட்ட மாத்திரத்தில் தனகோடிக்குத் தெரிந்துவிட்டது. அந்த அம்மாள் பேசிய உடைந்த தமிழை இரண்டு நிமிஷம்கூடப் பொறுமையாகக் கேட்டிருக்க மாட்டாள். பன்னிரண்டு வருஷமாகத் தன் இடம் பறிபோனதாக எரிந்துகொண்டிருந்தாள். அப்படி ஓர் இடமே இருந்ததில்லை என்று இப்போது தெரிந்தது. இது முன்பைவிட அதிகமாகச் சுட்டது.

இரண்டு நாள் கழித்து லீலாவும் மகளும் மெட்ராஸ் பஸ் ஏறினார்கள். பஸ் கிளம்புமுன் ஜன்னல் வழியாக லீலா, "எப்ப வேணா வாங்கக்கா. யாருக்கும் துணையா இல்ல, சும்மாவே வாங்க" என்றாள். தனகோடி, "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆபீசுக்குக் கிளம்பினாள். பரசுராமன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டார்.

"மனசு ஆறிடுச்சா?"

தனகோடி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"இல்லீங்க" என்றாள். "ஆனா அவமேல இனி பழி போட முடியாது." குடையை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு நடந்தாள்.